ஹோல்டான்

வியாழக்கிழமை, இரவு.

மயிலம் நிறுத்தத்தில் ஓர் அம்மா மல்லாட்டைக் கடலை மூட்டையோடு இறங்கினார். ஒரு கால் இன்னும் படியில் இருக்கும்போதே டிரைவர் பஸ்ஸை நகர்த்திவிட்டார். "ஹோல்டான்!" என்று கத்தி நிறுத்தினேன். முன்சீட்டுக்காரர் எரிந்து விழுந்தார்.

"ஜல்தியா போவாம இன்னாய்யா பண்ணிக்கினு கீற? கண்டக்டராம்! நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். பத்தாவது வரை நான் மாடு மேய்த்தவன்தான். அதனால்தான் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் சொன்னதும், காலேஜில் ஆங்கிலம் படிக்கிற மகள் தடித்த அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிடி, நிறுத்து, கூட்டம் நடத்து, மூச்சை அடக்கு என்று என் ஹோல்டானில் இருக்கிற 'ஹோல்டு' என்ற ஒரு சொல்லுக்கே ஒரு பக்கம் முழுக்க அர்த்தம். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இங்க பாருப்பா. இந்த வார்த்தை பொறந்தப்போ, மாட்டைக் காவல் காத்து மேய்க்கிறதுக்குத்தான் ஹோல்டுன்னு பேராம்."

இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பதினெட்டு வருடமாக அதைத்தான் கத்துகிறேன். என் படியிலிருந்து ஒருவர்கூட விழுந்ததில்லை. லாயக்கு என்று அவர் சொன்னது சரிதான். நாளைக்கும் ஏறட்டும். அவரையும் பத்திரமாக மேய்த்துக்கொண்டு போய்த் திண்டிவனத்தில் இறக்கிவிடுகிறேன்.