பேசினுக்கு அடியில் ஒரு வாளி

மார்ச் 4, செவ்வாய்

குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் மறுபடியும் ஈரம். பழைய துணியைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடி வந்துவிட்டேன். சாயங்காலம் போய்ப் பிழிய வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

கடையில் சாப்பாட்டு நேரம். தையல் மெஷின் மேலேயே நோட்டை வைத்து எழுதுகிறேன். இன்று பதினோரு பேண்ட் குட்டையாக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் கால் குறைந்துவிட்டதா?

காலையில் என் வீட்டுக்காரர் பேசினைச் சரிசெய்தார். தண்ணீர் இறங்கும் ஓட்டையில் மாட்டியிருக்கிறதே, வேஸ்ட் கப்ளிங், அதைக் கழற்றிப் புது வாஷர் போட்டார். மற்றவர்கள் குந்தி உட்கார்ந்து செய்வார்கள். இவர் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு செய்தார். "மகாராஜாவுக்குத் தலையணை கொண்டாரட்டுமா?" என்றேன். சிரிக்கவில்லை. "நீ போ, நான் வரேன்" என்றார். வர ரொம்ப நேரம் ஆயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

சொட்டு நிற்கவில்லை. வாளி வைத்திருக்கிறேன்.

அவருடைய யூனிஃபார்ம் பேண்டில் இடது முழங்காலுக்குச் சற்று மேலே தையல் விட்டிருக்கிறது. போன மாதமும் இதே இடம்தான். "பஸ்ஸை ஓட்டுறீங்களா, கட்டி இழுக்கறீங்களா?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அதே டிரைவர் சீட், இப்போதுதான் துணி கிழிகிறதாம். தைத்துக் கொடுத்தேன். கடையிலும் ஊசி, வீட்டிலும் ஊசி. என் தலையெழுத்து.

மார்ச் 12, புதன்

கீழ்வீட்டம்மா வாசலில் வந்து நின்றாள். "எங்க சீலிங்ல தட்டு அளவுக்கு இருந்த ஈரம் தாம்பாளம் அளவுக்கு ஆயிடுச்சும்மா. மேலேருந்து ஒரு நாள் பேசினோட நீங்களே வந்து இறங்கிடுவீங்க போல" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

பிளம்பரைக் கூப்பிடலாம் என்று இவரிடம் சொன்னதுதான் தாமதம், கத்திவிட்டார். "ரெண்டு திருகு திருகினா நிக்கும். இதுக்கு ஒரு ஆளா?" கத்துகிற மனுஷரே இல்லை. மறுபடி படுத்தார், மறுபடி திருகினார். இரண்டாவது வாஷர்.

இப்போதெல்லாம் குளியலறைக் கதவைத் தாழ் போடுகிறார். மகள் கல்யாணமாகிப் போனபின் இருப்பது நாங்கள் இரண்டே பேர். யாரிடமிருந்து மறைக்கிறார்? குழாயை வேறு முழுக்கத் திறந்துவிடுகிறார். வாளி நிரம்பாமல் என்ன செய்யும்?

மார்ச் 13, வியாழன்

இரண்டு தடவை வாளி கொட்டினேன். அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

அவர் டியூட்டிக்குப் போனதும் பிளம்பரை வரச் சொன்னேன். வந்தவர் கப்ளிங்கைத் தொடவே இல்லை. பேசினின் விளிம்பைப் பிடித்து லேசாக அழுத்தினார். முழு பேசினும் தலையாட்டியது.

"உங்க வீட்டுக்காரர் வேலை சுத்தமாத்தான்மா இருக்கு. கோளாறு இங்க இல்ல. சுவத்துல இருக்கற போல்ட் தளர்ந்துபோச்சு. ஆடுற பேசினுக்கு எத்தனை வாஷர் போட்டாலும் நிக்காது." அப்புறம் கேட்டார்: "வீட்ல வயசானவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லையே. நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்ப யாரோ டாய்லெட்லேருந்து எந்திரிக்க இதைத்தான் புடிக்கறாங்க. உடம்பு பாரம் மொத்தமும் இந்த மூலையிலதான் இறங்கியிருக்கு."

நான் பிடிப்பதில்லை.

தரையில் படுத்தது, "நீ போ" என்றது, தாழ், குழாய்ச் சத்தம் — எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அந்தப் பேண்ட். கால் மேலே வரவில்லை என்றால் துணியைப் பிடித்துத்தான் தூக்கி வைத்திருக்கிறார். ஒருவர் நடந்து வந்தாலே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் நான். சொந்த வீட்டுக்காரருடைய கால் தெரியவில்லை. இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால்.

போல்ட்டை மாற்றச் சொன்னேன். டாய்லெட் பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பியும் வைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் இவர் வந்ததும் பார்த்தார். "இது எதுக்கு?"

"எனக்குத்தான். வயசாகுதில்ல."

உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

வாளி காய்ந்து கிடக்கிறது. எனக்கு நிம்மதி இல்லை. நான் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டிருக்கிறேன். இனிமேல் பேசினும் ஒழுகாது, யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் டிப்போவில் டாக்டர் பரிசோதனை. அதைத் தாண்டிவிடலாம் என்று நினைத்திருப்பார். ஸ்டீரிங்கை விட்டால் தான் யாருமில்லை என்ற பயம். பயம் எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்து வருகிறார்கள்.

கேட்கவா? கேட்டால் உடைந்துவிடுவாரே. கேட்காமல் இருந்தால்?

மார்ச் 21, வெள்ளி

பேண்ட் மூன்றாவது தடவை கிழிந்து வந்தது. நான் தைக்கவில்லை. மடித்து நாற்காலியில் வைத்தேன்.

காலையில் எடுத்துப் பார்த்தார். "தைக்கலையா?"

"இல்லைங்க. தைச்சா நீங்க இதைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவீங்க."

"அந்த பிளம்பர் என்ன சொன்னான்?"

"அவர் பேசினைப் பத்தித்தான் சொன்னார். மிச்சம் எனக்கே தெரிஞ்சுது."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பேண்ட் மடியில். தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "போன வாரம் சிக்னல்ல கிளட்ச்சை மிதிச்சேன். கால் போகல. வண்டி கொஞ்சம் முன்னாடி நகர்ந்துடுச்சு. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டிட்டு இருந்தாங்க. ஒண்ணும் ஆகல."

எனக்கு அழுகை வந்தது. கோபமும்தான். அடிக்கக்கூடக் கை வந்தது, பொய் சொல்வானேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போனை எடு" என்றார். டிப்போவுக்கு அவரேதான் பேசினார். "வண்டி எடுக்க முடியாது, இன்னிக்கு மட்டும் இல்ல சார்" என்று சொன்னபோது குரல் சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 29, சனி

முதுகில் நரம்பு அழுந்துகிறதாம். மறுபடி ஓட்ட முடியுமா என்று டாக்டர் இப்போது சொல்ல மாட்டேன் என்கிறார். டிப்போவில் பஸ் புறப்படும் நேரம் குறிக்கிற அறையில் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். நானும் கிளறுவதில்லை.

ஏப்ரல் 2, புதன்

வாளியைத் துணி ஊறவைக்க எடுத்துக்கொண்டேன்.

காலையில் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இங்க வா, ஒரு கை குடு. கம்பி மட்டும் பத்தல." போனேன். கதவு தாழ் போடாமல் இருந்தது.