ஸ்விஸ் கம்பெனி கேட்ட அளவு

அன்பு அப்பாவுக்கு ஹன்னாவின் வணக்கம். மோல்மீனில் மழை விட்டதா? முழங்கால் வலி தேவலையா? யாங்கோனில் நான் நலமாக இருக்கிறேன்.

படகோட்டப் பயிற்சியாளர் ஊ தான் லுவின், பந்தய நேரம் அளக்கும் தன் பழைய ஸ்விஸ் கைக்கடிகாரத்தை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். உள்ளே சின்ன நெம்புகோல் ஒன்று உடைந்திருந்தது. அதைச் செய்த கம்பெனி ஐம்பது வருடம் மூடிக் கிடந்து, இப்போதுதான் மறுபடி திறந்திருக்கிறது. பாகம் கேட்டு எழுதினேன். பாகமும் இல்லை, வரைபடமும் தொலைந்துவிட்டது, நீங்களே அளந்து அனுப்ப முடியுமா என்று பதில் வந்தது.

முதலாளி பாலசந்தர் சிரித்துவிட்டார். "அவங்க கடியாரத்துக்கு நம்மகிட்ட அளவு கேக்குறாங்களா? நீயே அளந்து குடும்மா."

கரண்ட் அடிக்கடி போனதால் அளந்து முடிக்க நாலு நாள் பிடித்தது. கண் கொஞ்சம் சிவந்தது, இப்போது சரியாகிவிட்டது.

அந்த அளவில் அவர்கள் செய்த புதுப் பாகம் போன வாரம் வந்தது, பொருத்தினேன். ஊ தான் லுவின் பொத்தானை அழுத்தி, முள் முழுச் சுற்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஜேசூபே, மா ஹன்னா" என்று இரண்டு முறை நன்றி சொன்னார்.

எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். புது வரைபடத்தில் அளந்தவர் பெயரைப் போட வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். ஹன்னா தாமஸ் என்று உங்கள் பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் மகள்,
ஹன்னா