தாத்தா நான்காவது வரிசையில் இருக்கிறார்

ஏங்க,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுச் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மகள் நான்கு மணிக்கு வந்துவிடுவாள்.

நேற்று உங்கள் தாத்தா கல்லறையில் நான் பாசியைத் தேய்த்ததும் வேறு யார் பெயரோ தெரிந்தது. அதற்கு, "எங்க தாத்தா எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாதா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களே, இன்று காலை அந்தக் கல்லறைத் தோட்டக் காவலர் போன் செய்தார். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாராம்.

"உங்க தாத்தா நாலாவது வரிசைம்மா. நீங்க இருபது வருஷமா பூ வைக்கிறது ஒரு கணக்கு டீச்சருக்கு. அவங்களுக்குன்னு யாரும் வந்ததே இல்ல" என்றார்.

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். தாத்தா கல்லைக் கழுவ பிரஷும் வாளியுமாகக் கிளம்பிவிட்டேன். கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு நீங்களும் வாருங்கள்.

பி.கு.: பூ இரண்டு பேருக்கும் வாங்குங்கள். டீச்சரை இனி எப்படி விடுவது? மகள் கணக்கில் பாஸாக வேண்டும் என்று போன வருஷம் நீங்கள் கண் கலங்க வேண்டிக்கொண்டது அவரிடம்தானே! தாத்தாவுக்குக் கூட்டலே வராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.