அண்ணாச்சிக்குக் காட்டாத சீட்டு

எந்த ஆட்டத்திலும் மஞ்சள் காயை யாருக்கும் விட்டுத்தராத என் பாண்டி அண்ணனுக்கு,

நன்றாக இருக்கிறாயா? அம்மா இப்போதும் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். நான் அதே லாரி புக்கிங் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நம் தெரு மன்றத்தின் பொங்கல் மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அமைதியானவர், பண்பானவர் என்று நாலு வரி எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் எனக்கு வராது. உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது அண்ணே. பஜாரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிற ராசமணி அண்ணாச்சியைப் பழிவாங்கிவிட்டேன்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். என் அண்ணன் அச்சாபீசில் கட்டிங் மிஷின் ஓட்டியவன். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். மற்றவர்களுக்கு சினிமா, கிரிக்கெட் என்றால் அவனுக்குப் பலகை ஆட்டம்தான் கிறுக்கு. காலண்டர் அட்டையில் மிஞ்சுகிற துண்டுகளைக் கொண்டுவந்து கோடு போடுவான், சீட்டு வெட்டுவான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னை எதிரே உட்காரவைத்துவிடுவான்.

கடையில் விற்கிற ஆட்டம் எதைப் பார்த்தாலும் உனக்குக் கோபம் வரும். பரமபதம் என்றால், "பகடைதான் ஆடுது, நாம எதுக்கு உக்காந்திருக்கோம்?" என்பாய். ஊரையெல்லாம் விலைக்கு வாங்குகிற ஆட்டம் அதைவிட மோசம். பாதியில் தோற்றவன் எழுந்து போய், மற்றவர்கள் முடிக்கிறவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க வேண்டும். "தோத்தவன எந்திரிக்க விடுறதெல்லாம் ஒரு ஆட்டமாடி? கடைசி வரைக்கும் எல்லாரும் உக்காந்திருக்கணும்." இவ்வளவும் பேசிவிட்டு நீ மட்டும் ஏன் அண்ணே பாதியில் எழுந்து போனாய்?

கடைகளைப் பற்றித் திட்டுவது என் வேலை. நம் ஊரில் அச்சாகிற ஆட்டப் பலகை எங்கெங்கோ போகிறது. நம் பஜாரில் ஒருத்தராவது பெட்டியைத் திறந்து காட்டுவார்களா? பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் தலைக் கிளிப்புக்கும் நடுவில் கண்ணாடித்தாள் சுற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். எப்படி ஆடுவது என்று கேட்டால், "உள்ள பேப்பர் போட்டிருக்கும், வாங்கிட்டுப் போயிப் பாரு." ஆட்டம் விற்கிற கடையில் ஒரு மேசையும் பிரித்த பெட்டி ஒன்றும் இருக்க வேண்டாமா? கடைக்காரருக்குத் தோற்கவாவது தெரிந்திருக்க வேண்டும். ராசமணி அண்ணாச்சி தான் விற்ற ஆட்டம் ஒன்றைக்கூட ஆடிப் பார்த்தவர் இல்லை.

நீ செய்ததிலேயே உசத்தி 'சீசன்'தான். ஆளுக்கொரு பட்டாசுக் கம்பெனி. ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி வரை சரக்குச் செய்து குடோனில் அடுக்க வேண்டும். தீபாவளி நெருங்க நெருங்க விலை ஏறும், லோடு அனுப்பாமல் வைத்திருக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்ப வேண்டும். ஆர்டர் சீட்டு வந்தால் சரக்கை நல்ல விலைக்கு விற்கலாம், கொண்டாட்டம். தீச் சீட்டு வந்தால் யார் குடோனில் அதிகச் சரக்கோ அவருடையது அம்புட்டும் போச்சு. அவர் எழுந்திருக்க வேண்டியதில்லை, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். அம்மா அந்தச் சீட்டைக் கையால் தொடமாட்டாள். நீ அவளிடம் சொன்னாய், "எம்மா, இது இல்லேன்னா இது நம்மூரு ஆட்டமே இல்ல."

எத்தனை ஆர்டருக்கு எத்தனை தீ என்பதற்கு நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தீ கூடினால் பயந்துபோய் யாரும் சரக்கே செய்யமாட்டார்கள். குறைந்தால் யாரும் லோடு அனுப்பமாட்டார்கள். வெட்டி வெட்டிச் சேர்ப்பாய், எடுப்பாய், மறுபடி ஆடச் சொல்வாய். "போதும்ண்ணே, இடுப்பு வலிக்கி" என்று நான் கத்தினாலும் விடமாட்டாய்.

அதைத்தான் அச்சடித்து விற்கச் சொல்லிப் பெட்டியோடு அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். அவர் தீச் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து நம் பக்கம் தள்ளினார். "தீவாளிச் சமயத்துல தீயி கீயின்னுக்கிட்டு, அபசகுனமா! இதத் தூக்கிட்டுப் போப்பா. மத்தத வச்சிட்டுப் போ, பாப்போம்." நீ அதை நம்பினாய். படுக்கையில் கிடந்தபோதுகூட, "அண்ணாச்சி ஆள் விட்டாரா?" என்று கேட்டாயே, அதை நான் எப்படி மறப்பேன்?

அவர் ஆள் விடவில்லை. நீ போன அடுத்த சீசனில் பெட்டியாகவே வந்தது. பெயர் 'தீபாவளி ஜாக்பாட்'. பலகையும் மாதங்களும் நீ போட்டது போட்டபடி. மூடியில் அண்ணாச்சி போட்டோ, கீழே 'உருவாக்கியவர்: ராசமணி'. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போனேன். கடையில் ஒரே கூட்டம். அழுகைதான் வந்தது. பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டில் அம்மாவோடு ஆடிப் பார்த்தேன். பார்த்தால் சிரிப்பு வருகிறது அண்ணே! தீ இல்லாத ஊரில் எவன் லோடு அனுப்புவான்? எல்லோரும் குடோனைப் பூட்டிக்கொண்டு ஐப்பசி வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியது. கடைசியில் யார் முதல் ஆளோ அவரே முதலில் விற்று ஜெயிக்கிறார். எத்தனை தடவை ஆடினாலும் இதே கதைதான். நான் சாபம் விட வேண்டிய வேலையே இல்லை. போன சீசனில் பெட்டிகள் ஒவ்வொன்றாய்க் கடைக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. அண்ணாச்சி என் ஆபீசுக்கே ஆள் விட்டார்.

"வாத்தா, வா வா. காப்பி சொல்லட்டா?" உனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் தராத மனுஷன். "அந்தத் தீச் சீட்டு ஒன்கிட்டதான இருக்கு? எத்தன போடணும்னு எனக்குப் பிடிபடல, அதக் குடுத்துரு. அடுத்த பெட்டியில ஒங்கண்ணன் பேரையும் போட்டுர்றேன். கொட்ட எழுத்துல போட்டுர்றேன்."

உன் பெயர், அச்சில்! நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கொடுத்திருப்பாய்.

"மொதல்ல எங்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க அண்ணாச்சி. அப்புறம் பேசுவோம்" என்றேன்.

கல்லாப் பெட்டியைத் தள்ளிவைத்துக் கண்ணாடி மேசைமேல் பலகையை விரித்தோம். தீச் சீட்டுகளைக் கலந்து வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டேதான் ஆடினார். குடோனை நிரப்பிக்கொண்டே போனார். ஆவணியில் தீ வந்தது, எல்லாம் போச்சு. "அட கருமமே!" என்றார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சாமான் கேட்டு வந்தவர்களை, "செத்த பொறுங்க" என்று நிறுத்தினார். கொஞ்சம் லோடு அனுப்புவார், கொஞ்சம் வைத்துக்கொள்வார், என் குடோனை எட்டிப் பார்ப்பார். நெற்றியெல்லாம் வேர்வை. மனுஷன் ஆட ஆரம்பித்துவிட்டார் அண்ணே. நீ செய்த ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஐப்பசி வந்தது. ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. அவர் குடோன் நிறைய இருக்கிறது. ஆர்டர் வந்தால் ஜெயித்துவிடுவார், தீ வந்தால் ஒன்றுமில்லை. "திருப்புத்தா" என்றார்.

நான் சீட்டுகளையெல்லாம் வாரி, அந்தக் கடைசிச் சீட்டைக் கவிழ்த்தபடியே மேலே வைத்து, ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்தேன்.

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணாச்சி."

"ஏத்தா! ஒரு சீட்டுத்தான! முடிச்சுட்டுப் போத்தா!"

"நீங்களே முடிச்சுக்கோங்க. உருவாக்கினவுக நீங்கதான?"

நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆகா, என்ன சுகம் அண்ணே அது!

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "கிறுக்கச்சி! எம்பிள்ள பேரு பெட்டியில வந்திருக்குமேடி!" என்று அழுதாள். அவள் அழுதது மட்டும்தான் எனக்கு வலித்தது. இருந்தாலும் திருடினவர் பெட்டியில் ஓரமாக இடம் கேட்டு நிற்க உன் பெயருக்கு என்ன தலையெழுத்து? நீயே சொல், நான் செய்தது தப்பா?

போன வாரம் அண்ணாச்சியே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். சீட்டுக்கட்டு வேண்டாமாம், வியாபாரமும் பேச வரவில்லையாம். "தூக்கமே வர மாட்டேங்குத்தா. அந்தக் கடைசிச் சீட்டு தீயா, ஆர்டரா? அத மட்டும் சொல்லிரு. நான் ஜெயிச்சேனா, இல்லையா?" அம்மாவுக்கே பாவமாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. கதவைச் சாத்திவிட்டேன்.

மலருக்கு அவர் விளம்பரம் கொடுத்திருக்கிறார், அதனால் அவருக்கும் ஒன்று போகும். அடுத்த வரியில் இருக்கும், அடுத்த வரியில் இருக்கும் என்று இதுவரைக்கும் படித்துக்கொண்டு வந்திருப்பார். படிக்கட்டும். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு இறங்குகிறவரை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என்ன சீட்டு என்று உனக்கும் சொல்லமாட்டேன் அண்ணே, கோபித்துக்கொள்ளாதே. நீ இளகின மனசுக்காரன். என்றைக்காவது அண்ணாச்சி அங்கே வந்து, "தம்பி, அது தீயா, ஆர்டரா?" என்று பாவமாக நின்றால் நீ சொல்லிவிடுவாய். சத்தியமாகச் சொல்கிறேன், இங்கே ஒரு உயிருக்கும் சொல்லாமல் அதை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அவர் முந்தி வந்தால் எதிரே உட்காரவைத்துக் காக்க வை. நான் வந்துதான் திருப்புவேன்.

பழி தீராத உன் தங்கச்சி,
முத்துலட்சுமி