பிச்சாவரத்தில் பார்க்காமல் விட்ட வாய்க்கால்

மாசி மாசம், ஞாயிறு. ராத்திரி இஷா தொழுதாச்சு.

துபாய்லேருந்து லீவுல வர்றப்பல்லாம் மச்சான், என் வீட்டுக்காரரு, என்னைப் பிச்சாவரம் படகுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அங்க ஒரு வாய்க்காலை மட்டும் பார்க்காம விட்டுட்டு வருவோம். அடுத்த லீவுக்கு அது பாக்கி. இதான் எங்க வழக்கம்.

இன்னைக்கு அவரே படகுக்காரர்கிட்ட, "அந்த வாய்க்காலுக்குள்ளயும் விடுங்கண்ணே"ன்னாரு.

"அப்ப அடுத்த லீவுக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வரப் போறீங்களா மச்சான்?"னேன்.

அவரு சிரிக்கல. "வயசாகுது புள்ள. எதுக்குப் பாக்கி வைக்கணும்?"

நான் முந்திக்கிட்டேன். "வெயில் ஜாஸ்தி, திருப்புங்கண்ணே"ன்னு படகைத் திருப்பச் சொல்லிட்டேன்.

நாளைக்கு ஃப்ளைட். அசந்து தூங்குறாரு. நான் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு அந்த வாய்க்காலுக்குள்ள போய்க்கிட்டிருக்கேன். கிளையெல்லாம் கூரையாட்டம் குனிஞ்சிருக்கு. தண்ணி பச்சையா இருக்கு. மச்சான் வழுக்கையில ஒரு இலை விழுது. நான் சொல்ல மாட்டேன். கரை வரைக்கும் அப்படியே வரட்டும்.