காற்று புகாத அடுக்களை

ஜனவரி 4

என் புருஷன் மிலோயேயின் பாதம் இன்று காலையும் ஜில்லென்றுதான் இருந்தது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டும்! நிமோனியாவோடு டிசம்பர் முழுக்க மருத்துவமனையில் கிடந்து, புத்தாண்டுக்கு முன்னால்தான் வீடு வந்தான். அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த நெஞ்சு இன்னொரு குளிரைத் தாங்காதும்மா" என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, ஒரு வாய் உள்ளே இறங்குவதும் இல்லை.

மற்ற அறைகளையெல்லாம் பூட்டிவிட்டேன். கட்டிலை அடுக்களைக்கே இழுத்துப் போட்டு, விறகடுப்பை அணையவிடாமல் வைத்திருக்கிறேன். போன அக்டோபரில் மகள் வியன்னாவிலிருந்து வந்து புது ஜன்னல் மாட்டிவிட்டுப் போனது நல்லதாயிற்று. பழைய ஜன்னல் விசிலடிக்கும். இது வாயே திறப்பதில்லை. ஆனாலும் எங்கிருந்தோ குளிர்காற்று வருகிறது. எங்கிருந்து?

ஜனவரி 5

கண்டுபிடித்துவிட்டேன்! கூரைக்குக் கீழே சுவரில் இருக்கிற கையகல ஓட்டை. மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்தேன், சுடர் அப்படியே சாய்ந்தது. நாற்காலியில் ஏறி, மிலோயே பஸ் ஓட்டிய காலத்துப் பழைய ஸ்வெட்டரைச் சுருட்டி அடைத்தேன்.

"அதை எதுக்குடி அடைக்கிற? வீடு கட்டினவன் சும்மாவா வச்சான்?"

"வீடு கட்டினவனுக்கு நிமோனியா வந்துச்சா?"

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

ஜனவரி 6

எங்கள் சபையின் பழைய நாட்காட்டிப்படி நாளை கிறிஸ்துமஸ். வழக்கப்படி, ஏசு பிறந்த தொழுவத்தின் நினைவாகத் தரையில் வைக்கோல் பரப்பினேன். மிஞ்சியதைக் கதவடியில் திணித்தேன். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மிலோயேயின் தங்கை விதோசாவா பீன்ஸ் சமைத்து எடுத்து வந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டி முடிப்பதற்குள் அலறல்: "கதவச் சாத்துங்க அண்ணி, குறுக்குக் காத்து அடிக்குது!" எங்கள் குடும்பத்தில் பாதிப் பேரைக் கொண்டுபோனது இந்தக் குறுக்குக் காற்றுதான் என்பது அவள் கட்சி. அவள் மாமனார் லாரியில் அடிபட்டுச் செத்தார், அவரையும் அதில்தான் சேர்ப்பாள்.

சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொட்டி சுடுற அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. அண்ணன் பொழச்சுக்குவாரு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜனவரி 8

தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. அவனுக்கும் அப்படித்தான், வாந்தி வேறு. நேற்றுப் பன்றி வறுவலில் கொழுப்பு அதிகம் போலிருக்கிறது.

இன்னொரு விஷயம். விறகு எடுக்கப் போகிறேன் என்று கொட்டகைக்குப் போகிறவன் லேசில் திரும்புவதில்லை. வரும்போது கன்னம் சிவந்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, சிகரெட் நாற்றத்தோடு வருகிறான். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு சிகரெட்! கத்தினேன்.

"வெளிய போனா தலவலி விட்டுடுது டோப்ரிலா. உள்ள வந்தா திரும்பவும் மண்டை பிளக்குது. நான் என்ன பண்ண?"

சிகரெட்டுக்கு அவன் சொன்ன சாக்குகளைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது புதுசு.

ஜனவரி 9

தலைவலிக்கு உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இருவர் நெற்றியிலும் துணியால் கட்டினேன். கேட்கவில்லை.

ஜனவரி 11

மூடுபனி. காற்றே அசையவில்லை. அடுப்பு சோம்பேறித்தனமாக எரிகிறது. எழுதும்போது எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது — எனக்கு என்ன ஆகிறது? எனக்கு ஏதாவது ஆனால் இவனை யார் பார்ப்பார்கள்?

அவன் பூட்ஸை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். வீட்டுச் செருப்போடு பனியில் எப்படிப் போகிறான் பார்ப்போம்.

"நீ பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?"

"ரெண்டும்தான்."

பயமா இருக்குடா மிலோயே. அவ்வளவுதான். அதை உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது?

ஜனவரி 14

மருத்துவமனை. நர்ஸிடம் காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

முந்தாநாள் அவனுக்குப் பிடித்த பித்தா பலகாரத்துக்கு மாவை மேசை முழுக்க மெல்லிசாக இழுத்துக்கொண்டிருந்தேன். கால் பஞ்சாகிவிட்டது — அதோடு சரி. அடுத்து நினைவிருப்பது முகத்தில் அப்பிய பனிதான். மிலோயே என்னை மடியில் போட்டுக்கொண்டு, முற்றத்துப் பனியில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான். காலில் செருப்புகூட இல்லை. நனைந்த காலுறை மட்டும்.

நைசாக நழுவி சிகரெட் பிடிக்கப் போனவன், திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். மாவில் முகம் பதித்துக் கிடந்தேனாம். செருப்பு எங்கே கழன்றது என்று அவனுக்கே தெரியாது.

அடுப்பு எரியப் போதிய காற்றில்லாமல் வாசனையே இல்லாத விஷவாயு கிளம்பியிருக்கிறது. எத்தனையோ நாளாக இருவரும் அதைத்தான் சுவாசித்திருக்கிறோம். "காத்து வர்ற ஓட்டைய யாரும்மா அடைச்சது?" என்று டாக்டர் கேட்டார். நான்தான். வேறு யார்? குளிர் அவனைக் கொன்றுவிடும் என்று பயந்து பயந்து, நானே அல்லவா கொல்லப் பார்த்தேன்! என் பேச்சைக் கேட்டு நல்ல பிள்ளையாக அவனும் உள்ளேயே உட்கார்ந்திருந்தால், எங்கள் இருவரையும் விதோசாவாதான் வந்து பார்த்திருப்பாள்.

அவன் மேல்மாடியில் இருக்கிறான். பனியில் உட்கார்ந்தது நெஞ்சில் இறங்கிவிட்டது. மறுபடி காய்ச்சல்.

ஜனவரி 16

காய்ச்சல் இறங்கவில்லை. பூட்ஸை ஏன்டி ஒளிச்ச? ஏன்டி ஒளிச்ச?

ஜனவரி 19

என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் ஸ்வெட்டரைப் பிடுங்கிப் போட்டு, புகைபோக்கியையும் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விதோசாவா துணைக்கு வந்தாள். ஜன்னலை அகலத் திறந்தேன். "அண்ணி, குறுக்குக்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இருவரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து காபி குடித்தோம். குடித்து முடிப்பதற்குள் ஆறிவிட்டது.

"நானும்தானே நல்லாருக்குன்னு சொன்னேன்" என்று சொல்லி அழுதாள். அவளைத் தேற்றும் தெம்பு எனக்கில்லை.

ஜனவரி 23

பார்க்க விட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு வார்த்தை பேசினால் இருமல், இன்னொன்று பேசினால் இன்னொரு இருமல்.

"பித்தா... என்னாச்சு?"

"மாவைக் கோழிக்குப் போட்டுட்டேன்."

"அநியாயம்..."

சிரிக்கப் போனவனை இருமல் பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே அனுப்பினாள். படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். கடவுளே, அவனை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 6

நேற்று அழைத்து வந்தோம். வெளியே இன்னும் கடுங்குளிர்தான்.

காலையிலிருந்து ஜன்னல் சண்டை. நான் விரலளவு திறப்பேன், அவன் எழுந்து மூடுவான். "நான் செத்துப் போகலடி, ஐஸ் பெட்டியில வைக்காத!" ஓட்டை திறந்திருக்கிறது, புகைபோக்கி சுத்தமாக இருக்கிறது, எல்லாம் எனக்கும் தெரியும். மனசு கேட்டால்தானே.

சாப்பிட்டுவிட்டு அடுப்பருகே நாற்காலியில் கண்ணயர்ந்தான். தலை ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிருந்தது. உலுக்கி எழுப்பினேன்.

"தல வலிக்குதா?"

"இல்ல."

மறுபடி தூங்கினான். மறுபடி எழுப்பினேன்.

"இப்ப வலிக்குதா மிலோயே?"

"இல்லடி!"

மூன்றாவது தடவை எழுப்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். என்னை, என்னைப் பெற்றவளை, எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியாரை, அவர் ஏறி வந்த கழுதையை என்று ஒருவர் பாக்கியில்லாமல் திட்டித் தீர்த்தான். விதோசாவா காதைப் பொத்திக்கொண்டாள். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை திட்டும் ஒரே மூச்சில் வந்தது. நடுவில் ஒரு இருமல்கூட இல்லை.