மூன்றாவது குப்பி

என் வீட்டுக்காரிக்கு,

தனி வார்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நான் சொல்லச் சொல்ல, உன் ரத்தத்தைப் பரிசோதித்த லேப் அம்மாதான் இதை எழுதுகிறார்.

கண்ணுக்கே தெரியாத தங்கத்தூள் கலந்த சிவப்புத் தண்ணீர் வைத்திருக்கிறார். கிருமியின் டிஎன்ஏ துளி இருந்தாலும் அது நீலமாகிவிடும். நேற்று உன் குப்பி நீலமானது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அவர் லேபில் குப்பி கழுவும் நான், லேபிள் படிக்கத் தெரியாததால் இடத்தை வைத்துத்தான் குப்பிகளை அடையாளம் வைத்திருப்பேன். உன்னுடையது மூன்றாவது குப்பி. உன் நினைப்பிலேயே அதைக் குழாய்த் தண்ணீரில் அலசி ஈரத்தோடு வைத்துவிட்டேன். அந்தத் தண்ணீரிலுள்ள உப்பு பட்டாலும் நீலமாகுமாம்.

"தப்பு என்னோடதும்மா."

"வேலை போயிடும்னு பயமில்லையா, பெரியவரே?"

"போனா போகட்டும். அவ பொழச்சா போதும்."

அவர் திட்டவே இல்லை. புதுக் குப்பிகளில் மூன்று முறை பார்த்தார். என்ன பொறுமை, என்ன கை! மூன்றும் சிவப்பாகவே நின்றன.

இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, தன்னைப் புகழ்ந்த வரியை எழுதாமல் விழுங்கியிருந்தார். பிடித்துவிட்டேன்; எழுத வைத்துவிட்டேன்.

நாளை உன்னை அழைத்துப்போக வருகிறேன்.

இப்படிக்கு,
நீ கேலி செய்யும் குப்பிக்காரன்